கொலுவில் வைத்த பாஸ்வேர்டு

என் கையெழுத்து அழகாக இருக்கும். பெருமைக்காகச் சொல்லவில்லை. என் வாழ்க்கையில் நான் பட்ட பெரிய கேவலத்துக்கு அந்தக் கையெழுத்துதான் காரணம். கோழி கிளறினதுபோல் எழுதுகிறவனாக இருந்திருந்தால் யாராலும் அதைப் படித்திருக்க முடியாது. நானும் இன்றைக்கு நாலு பேர் முன்னால் கூசாமல் நடமாடிக்கொண்டிருப்பேன்.

அப்போது எனக்கு இருபத்து நாலு வயது. தி.நகரில் ஒரு ஜவுளிக் கிடங்கின் மூன்றாவது மாடியில் எங்கள் ஆபீஸ். கீழே இரண்டு மாடியும் புடவை மூட்டை, மேலே ஆன்லைன் கேரம். முதலாளி முத்துக்குமார் அண்ணாச்சி, திருநெல்வேலிப் பக்கத்து ஜவுளிக் குடும்பத்தின் கடைசிப் பிள்ளை. அப்பாவின் கடையில் நின்று துணி கிழிக்கப் பிடிக்காமல், போனில் கேரம் ஆட வைக்கிறேன் பார் என்று கிளம்பியவர். இதெல்லாம் ஒரு தொழிலா என்று குடும்பமே சிரித்தது. ஆனால் ஊர் ஊராக ஜனங்கள் வேலை வெட்டியை விட்டுவிட்டுக் காய் சுண்ட வந்துவிட்டார்கள்.

அந்தக் கம்பெனிக்கு நான்தான் பாதுகாப்பு அதிகாரி. (இந்தப் பதவி எப்படிக் கிடைத்தது என்று கேட்காதீர்கள். சரி, கேளுங்கள். பதினைந்து நாள் ஆன்லைன் வகுப்பு ஒன்றில் நான் சான்றிதழ் வாங்கியிருந்தேன். மற்றவர்கள் அதுகூட வாங்கவில்லை.) பதவி வந்ததும் நடை மாறியது, குரல் மாறியது. கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் குளிக்கும்போதுதான் கழற்றுவேன்.

ஆடி மாதத்தில் ஒருநாள் எல்லோரையும் உட்கார வைத்து ஒன்றரை மணி நேரம் வகுப்பு எடுத்தேன். 'பாஸ்வேர்டை எந்தக் காரணத்தைக் கொண்டும் பேப்பரில் எழுதக்கூடாது' என்று திரையில் சிவப்பு எழுத்தில் போட்டு, வாயாலும் மூன்று தரம் சொன்னேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். எனக்கு ஓர் உதாரணம் தேவைப்பட்டது. முன்வரிசையில் தனம் அக்கா உட்கார்ந்திருந்தார்.

தனம் அக்கா, ஆட்டக்காரர்களின் புகார் அழைப்புகளை எடுப்பவர். பட்டினப்பாக்கம். அவருடைய அம்மா அங்கே மீன் விற்றார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர் என்றாலும் என்னை 'சார்' என்றுதான் கூப்பிடுவார். புருஷன் விட்டுவிட்டுப் போய்விட்டான். அந்த வேலையை நம்பித்தான் அவருடைய இரண்டு பெண்களும் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள். அவருடைய போன் உறைக்குள் ஒரு சின்னச் சீட்டு இருப்பதை நான் முன்பே பார்த்து வைத்திருந்தேன். (இந்த மாதிரி விஷயத்தில் மட்டும் எனக்குக் கழுகுக் கண்.)

"அக்கா, அந்தப் போனைக் கொஞ்சம் குடுங்க" என்றேன். உறையைக் கழற்றிச் சீட்டை எடுத்து, எல்லோரும் பார்க்கும்படி உயரத் தூக்கிப் பிடித்தேன்.

"பாத்தீங்களா? இதுதான் திருடன் கையில குடுக்கற சாவி!"

"மறந்து மறந்து பூடுது சார். ஒரு நாளைக்கு முப்பது வாட்டி அடிக்கிறேன், அப்பவும் பூடுது. இன்னா பண்ணச் சொல்ற?" என்றார் தனம் அக்கா.

எல்லோரும் சிரித்தார்கள். நான் அந்தச் சீட்டை நாலாய்க் கிழித்துக் குப்பைத் தொட்டியில் போட்டேன். அக்கா தலையைக் குனிந்துகொண்டார். அன்றைக்கு எனக்கு அது வெற்றியாகத் தோன்றியது. இப்போது நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

வகுப்பு முடிந்து என் இடத்துக்குத் திரும்பினால், என் முதுகுக்குப் பின்னால் சுவரில் ஒரு பெரிய வரைபடம். எங்கள் கம்பெனியின் கம்ப்யூட்டர்கள் எல்லாம் எது எதோடு எப்படி இணைந்திருக்கின்றன என்று நானே கலர் கலராக வரைந்தது. ஒவ்வொரு பெட்டிக்கும் அதன் இணைய முகவரி. அதில் 'சோதனை சர்வர்' என்ற பச்சைப் பெட்டிக்குக் கீழே, ஸ்கெட்ச் பேனாவில், முத்து முத்தான எழுத்தில், பாஸ்வேர்டு.

அண்ணாச்சிக்காக எழுதியது. அவர் எங்கே போனாலும் அங்கிருந்து போன் போட்டு, "ஏல ரமணா, அந்தக் கடவுச்சொல்லு என்னல?" என்று கேட்பார். எனக்கே மறந்துபோகும் என்பதால் சுவரில் எழுதி வைத்திருந்தேன். அண்ணாச்சி கணக்குப்படி அந்தப் பாஸ்வேர்டு தெரிந்தவர்கள் மொத்தமே மூன்று பேர்: அண்ணாச்சி, நான், புகார் வரும்போதெல்லாம் ஆட்டக்காரர் விவரத்தை அதில் பார்க்கும் தனம் அக்கா.

எனக்கும் மனசாட்சி இருந்தது. உடனே நாற்காலி மேல் ஏறி வரைபடத்தைக் கழற்றினேன். கிழிக்க மனசு வரவில்லை, அவ்வளவு அழகு. சுருட்டி எடுத்துக்கொண்டு மயிலாப்பூருக்கு, எங்கள் வீட்டுக்கு, கொண்டுபோய்ப் பரணில் போட்டேன். ஆபீசில் இருந்தால்தானே ஆபத்து? பாஸ்வேர்டை மாற்றவில்லை. மாற்றினால் அண்ணாச்சிக்குப் புதிதாகப் பழக்க வேண்டுமே.

புரட்டாசி வந்தது, நவராத்திரியும் வந்தது. எங்கள் தெருவில் கொலு என்பது பக்தியில் ஆரம்பித்துப் போட்டியில் முடிகிற சமாச்சாரம். முந்தின வருஷம் எதிர்வீட்டு மாமி படிகளுக்குக் கீழே மெட்ரோ ரயில் ஓடவிட்டுத் தெருவையே வாய்பிளக்க வைத்துவிட்டாள். அந்த ரயில் ஒரு வருஷம் முழுக்க அம்மாவின் நெஞ்சுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

"இந்த வருஷம் நம்மாத்துல உன் ஆபீஸ்தாண்டா கொலு" என்றாள் அம்மா.

அட்டையில் மூன்று மாடி செய்தாள். கீழே புடவைக் கடை, மேலே கையகல கேரம் போர்டு, சுற்றிச் சீரியல் பல்பு. எல்லாம் வைத்த பிறகு பின்சுவர் வெறிச்சென்று இருந்தது. அம்மா பரணில் ஏறினாள்.

"ரமணா, கலர் கலரா என்னமோ போட்டிருக்கியே, இது வேணுமாடா உனக்கு?"

நான் போனில் கேரம் ஆடிக்கொண்டிருந்தேன். திரும்பிக்கூடப் பார்க்காமல், "பழசும்மா, எடுத்துக்கோ" என்றேன்.

இத்தோடு முடிந்திருந்தால் விஷயம் எங்கள் தெரு மாமிகளோடு போயிருக்கும். மூன்றாம் நாள், வீடு வீடாகப் போய்க் கொலுவை வீடியோ எடுத்து யூட்யூபில் போடுகிற ஒரு பெண் வந்தாள். அம்மா என்னைப் பிடித்து முன்னால் தள்ளினாள். பட்டு ஜிப்பா, நெற்றியில் சந்தனம். ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு பின்சுவரைக் காட்டிக்காட்டி நான் விளக்கம் கொடுத்தேன்.

"இது எங்க மெயின் சர்வர். இது சோதனை சர்வர். புதுசா எதாவது செஞ்சா முதல்ல இதுலதான் போட்டுப் பாப்போம். உண்மையான ஆட்டக்காரங்க விவரத்தையே இதுல ஒரு நகல் வெச்சிருக்கோம்."

கேமரா நான் காட்டிய இடத்துக்கெல்லாம் அருகில் போய் நின்று நிதானமாகப் பார்த்தது. இதைவிட விவரமாக ஒரு திருடனுக்கு வீட்டைச் சுற்றிக்காட்டின ஆள் இந்த ஊரில் இருக்க மாட்டான்.

ஐந்தாம் நாள் காலையில் ஆபீசில் போன் மணி ஓயவில்லை. எங்கள் ஆட்டக்காரர்களின் பெயர், போன் நம்பர், பாஸ்வேர்டு எல்லாம் இணையத்தில் எங்கேயோ பட்டியலாகக் கிடக்கிறது என்று சேதி. சோதனைக்காக வைத்திருந்த நகலில் ஆட்டக்காரர்களின் பாஸ்வேர்டுகளை எந்த மறைப்பும் இல்லாமல் அப்படியே போட்டு வைத்திருந்தோம். சோதனைதானே, யார் வரப்போகிறார்கள் என்று சொன்னவன் நான்தான். அடையாறிலிருந்து ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் கூப்பிட்டார். கேரமுக்கும் மின்னஞ்சலுக்கும் ஒரே பாஸ்வேர்டு வைத்திருந்திருக்கிறார். மின்னஞ்சலை யாரோ கைப்பற்றி உள்ளே இருந்ததையெல்லாம் அழித்துவிட்டார்கள். காலமான மனைவி அனுப்பிய கடிதங்கள் அதில்தான் இருந்தனவாம். தனம் அக்கா அந்த அழைப்பை முடித்துவிட்டு ஹெட்போனைக் கழற்றி வைத்தார்.

அண்ணாச்சி வெளியிலிருந்து ஒரு நிபுணரை வரவழைத்தார். அவர் ஒரு நாள் முழுக்கப் பதிவுகளைப் புரட்டிவிட்டுச் சொன்னார்: "யாரும் பூட்டை உடைக்கல சார். சாவியோட வந்திருக்காங்க. முதல் தடவையே சரியான பாஸ்வேர்டு. ஒரு எழுத்துகூடத் தப்பாப் போடல."

அறையில் அண்ணாச்சி, நிபுணர், நான். அண்ணாச்சி நெற்றியைத் தேய்த்துக்கொண்டே யோசித்தார்.

"மூணு பேருக்குத்தான் தெரியும். நான் இல்ல. நீ பாதுகாப்பு அதிகாரி. அப்ப..." என்று இழுத்தார். "அந்தத் தனம்தானல சீட்டுல எழுதி வச்சிருந்தா? நீதானே புடிச்ச?"

என்னை ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. அவர் என்ன நினைத்தார் என்று எனக்குத் தெரியாதா? மயிலாப்பூர்ப் பையன், திருநீறு, சான்றிதழ். எனக்கு அப்போது வரைபட ஞாபகமே வரவில்லை என்று சத்தியம் செய்வேன். ஆனாலும், "அக்கா அப்படிப்பட்டவங்க இல்ல அண்ணாச்சி" என்ற ஒரு வரியை நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மறுநாளிலிருந்து தனம் அக்காவை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். விசாரணை முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றார்கள். அப்புறம் என்ன என்பது எல்லோருக்கும் தெரியும்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போதே என் குரல் கேட்டது. அம்மா சித்திக்கு அந்த வீடியோவைப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தாள். 'இது சோதனை சர்வர்' என்று நான் சொல்ல, திரை முழுக்க என் கையெழுத்து.

போனைப் பிடுங்கிக் கீழே இருந்த கருத்துகளைப் பார்த்தேன். 'சூப்பர் மாமி', 'அருமையான ஐடியா', நிறையக் கும்பிடு. நடுவில் யாரோ ஒரு புண்ணியவான் இரண்டு நாள் முன்பே எழுதியிருந்தார்: 'தம்பி, அந்தப் பாஸ்வேர்டை உடனே மாத்துங்க.' அதற்கு அம்மா ஒரு கைகூப்பும் படமும், சிவப்பு இதயமும், 'நன்றி, குடும்பத்தோட வாங்கோ' என்ற பதிலும் போட்டிருந்தாள்.

நல்ல மனுஷன் என்றால் அந்த நிமிஷமே அண்ணாச்சிக்குப் போன் செய்திருப்பான். நான் அந்த யூட்யூப் பெண்ணுக்குப் போன் செய்தேன். குடும்பக் காரணம் என்று கெஞ்சி வீடியோவை எடுக்க வைத்தேன். அடுத்து வரைபடத்தைக் கழற்றப் போனேன்.

"தொட்டியோ, பாத்துக்கோ!" என்று அம்மா கத்தினாள். "வெச்ச கொலுவை நடுவுல கலைக்கப்படாது. விஜயதசமி ராத்திரி ஒரு பொம்மையைச் சாய்ச்சுப் படுக்க வைக்கற வரைக்கும் ஒரு துரும்பை அசைக்க விடமாட்டேன்."

"அம்மா, அது பொம்மை இல்ல, பேப்பர்."

"கொலுவுல வெச்சாச்சுன்னா எல்லாம் ஒண்ணுதான்."

அம்மாவிடம் உண்மையைச் சொல்லத் தைரியம் வரவில்லை. அவள் அடுக்களைக்குப் போன சமயம் பார்த்து, ஓரத்தில் இருந்த தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையை நகர்த்திப் பாஸ்வேர்டுக்கு நேர் முன்னால் வைத்தேன். கச்சிதமாக மறைத்தது. நிம்மதியாகத் திரும்பினேன். ஃபேன் காற்று பட்டதும் அது தலையை ஆட்டத் தொடங்கியது. இந்தப் பக்கம் சாய்ந்தால் 'ஒன் டூ த்ரீ' தெரிந்தது, அந்தப் பக்கம் சாய்ந்தால் 'ஸ்ட்ரைக்கர்' தெரிந்தது. ஃபேனை அணைத்தேன். புழுங்குகிறது என்று அம்மா போட்டாள். இரண்டு நாள் அந்த வீட்டில் எங்கள் இருவருக்கும் நடுவே நடந்த ஃபேன் யுத்தத்துக்கு என்ன காரணம் என்று அவளுக்குக் கடைசிவரை புரியவில்லை.

ஆபீசில் பாஸ்வேர்டை மட்டும் யாரிடமும் சொல்லாமல் மாற்றினேன். தனம் அக்காவின் நாற்காலி காலியாக இருந்தது. அந்தப் பக்கம் பார்க்காமல் தண்ணீர் பிடிக்கச் சுற்றிப் போனேன்.

எட்டாம் நாள் சாயங்காலம் வாசலில் மணி அடித்தது. கதவைத் திறந்தால் தனம் அக்கா. நல்ல புடவை, தலை நிறைய மல்லி, கையில் ஒரு பை ஆரஞ்சு.

"இன்னா சார், அப்படிப் பாக்குற? அம்மாதான் வெத்தல பாக்கு வாங்கிக்கோன்னு போன் பண்ணிச்சு."

ஆபீசில் வேலை பார்க்கிற பெண்களையெல்லாம் வருஷா வருஷம் அழைப்பது அம்மாவின் வழக்கம். அக்காவுக்கு வேலை நின்றிருப்பதை நான் வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பாளே.

"வாம்மா, வாம்மா. ஏன் இப்படி வேர்க்கறது?" என்று அம்மா ஃபேனைப் போட்டாள். அக்காவைக் கொலுவுக்கு நேர் எதிரே உட்கார வைத்தாள். "ஒரு பாட்டுப் பாடேன்."

"எனக்கு இன்னா மாமி பாட்டுத் தெரியும்? பாத்துக்கினு இருக்கேன், அதுவே போதும்."

பார்த்தார். கீழே அட்டை ஆபீசில் புகார் அழைப்புகள் எடுக்கும் பொம்மையை அம்மா காட்டினாள், "இது நீதான்" என்றாள். அக்கா சிரித்தார். அப்படியே கண் மேலே போனது. ஒரு நாளைக்கு முப்பது தரம் அடித்த எழுத்து. பொம்மை இந்தப் பக்கம் ஆடியது, அந்தப் பக்கம் ஆடியது. அக்காவின் உதடு மெல்ல அசைந்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

"மாமி, அந்தப் பின்னாடி கீற படம் யாரு எழுதனது?"

"எல்லாம் நம்ம ரமணாதான். எழுத்தைப் பாரேன், முத்து முத்தா! டிவிக்காரா மாதிரி ஒரு பொண்ணு வந்து படம் பிடிச்சுண்டு போனா."

"என்னிக்கு மாமி?"

"மூணாம் நாள்."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் சுண்டல் கிண்ணத்தைப் பார்த்தேன். அதில் இருந்த ஒவ்வொரு கொண்டைக்கடலையும் இன்றைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு, அம்மாவை நமஸ்காரம் செய்துவிட்டுக் கிளம்பினார். நான் படி இறங்கிப் பின்னாலேயே போனேன்.

"உனக்கு எப்போ தெரியும்?" 'சார்' போய்விட்டிருந்தது.

"முந்தாநாள்."

"முந்தாநாள்." இரண்டு படி இறங்கி நின்றார். "நேத்து என் பொண்ணு கேக்குது, இன்னாம்மா நீ திருடுனியான்னு. யாரோ இஸ்கூல்ல சொல்லிக்கீறாங்க. நான் இல்லன்னு சொன்னேன். அது நம்புச்சான்னு எனக்குத் தெரில. நீ இங்க ஃபேன் காத்துல குந்திக்கினு இருந்துக்கீற."

"அக்கா, மன்னிச்சிடுங்க..."

"அதெல்லாம் அப்பால. நாளைக்குப் பத்து மணிக்கு நான் அண்ணாச்சியாண்ட போவேன். அதுக்கு முன்னாடி நீ போனன்னா, நீயே போய் சொன்னதா இருக்கட்டும். நான் இங்க எதையும் பாக்கல." பையிலிருந்த தாம்பூலத்தைச் சரிசெய்துகொண்டார். "உங்கம்மாவுக்கோசரம் சொல்றேன். உனக்காவ இல்ல."

மறுநாள் ஆயுத பூஜைக்காக ஆபீஸ் திறந்திருந்தது. ஒன்பதே முக்காலுக்கு அண்ணாச்சி அறையில் நின்றேன். வகுப்பு, வரைபடம், பரண், கொலு, வீடியோ, பொம்மை எல்லாவற்றையும் சொன்னேன். முந்தின சாயங்காலத்தைத் தவிர. அண்ணாச்சி கடைசிவரை கேட்டார்.

"சவத்துப் பயலே" என்றார். "ஒரு பொம்பளப் புள்ளயத் திருடின்னு நெனைக்க வச்சிட்டியேல. உன்ன இப்பமே தூக்கிருவேன். தூக்கினா நீ வீட்டுல உக்காந்து சுண்டல் திம்ப. இங்கனயே கெடந்து அனுபவி. நீயா வந்து சொல்லுத, அந்த ஒண்ணுக்காவத்தான் விடுதேன்."

அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். நாக்கு நுனிவரைக்கும் வந்தது. "சரிங்க அண்ணாச்சி" என்றேன்.

தனம் அக்காவுக்கு ஒரு பட்டுப் புடவை கொடுத்துச் சமாதானம் செய்யப் பார்த்தார் அண்ணாச்சி. அக்கா வாங்கவில்லை. எந்த ஹாலில் அவருடைய சீட்டை நான் தூக்கிக் காட்டினேனோ அதே ஹாலில், அத்தனை பேர் முன்னால் சொல்லணும் என்றார். அண்ணாச்சி சொன்னார், எழுந்து நின்று, கை கூப்பி, "தப்பு எங்க மேலதான் தாயி" என்று. அதோடு விட்டிருந்தால் என்ன? என் பக்கம் திரும்பி, "ஆனா இவன் தானா வந்து ஒத்துக்கிட்டான் பாருங்க, அதுக்கும் ஒரு நெஞ்சு வேணும்" என்றார். கை தட்டினார்கள். தனம் அக்காவும் தட்டினார். என்னைப் பார்த்துக்கொண்டே, நிதானமாக.

மூன்று மாதம் அக்காவின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, பட்டியலில் இருந்த ஆட்டக்காரர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டு, பாஸ்வேர்டை மாற்றச் சொன்னேன். அடையாறு தலைமையாசிரியரை நான்தான் கூப்பிட்டேன். தவறு என்னுடையது என்று சொன்னேன். அவர் திட்டவில்லை. "அந்த லெட்டரெல்லாம் திரும்ப வருமா தம்பி?" என்று மட்டும் கேட்டார். வராது என்றேன்.

இப்போது தனம் அக்காதான் அந்தக் கம்பெனியில் பாதுகாப்பு வகுப்பு எடுக்கிறார். யாருடைய போன் உறையையும் கழற்றுவதில்லையாம். நான் வேறு கம்பெனிக்குப் போய், கல்யாணமும் ஆகிவிட்டது. எங்கள் வீட்டில் எது காணாமல் போனாலும், "கொலுவுல வெச்சியா பாரு" என்பாள் என் மனைவி. வண்டிச் சாவியோ கண்ணாடியோ, எதுவானாலும் அதேதான்.

வருஷா வருஷம் எட்டாம் நாள் தனம் அக்கா கொலுவுக்கு வருகிறார். பெண்கள் இரண்டு பேரும் வளர்ந்துவிட்டார்கள், அவர்களும் வருவார்கள். வந்திருக்கிற எல்லோரையும் உட்கார வைத்து அம்மா இந்தக் கதையைச் சொல்வாள். பரண், வீடியோ, சிவப்பு இதயம் ஒன்றும் விடமாட்டாள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். கடைசியில் அம்மா குரல் தழுதழுக்கும்: "என்ன அசடா இருந்தா என்ன? யாரும் சொல்லாம, தானாப் போய் உண்மையைச் சொல்லிட்டு வந்தான் என் கொழந்தை. இல்லையோ தனம்?"

"ஆமா மாமி" என்பார் தனம் அக்கா, சுண்டலை மென்றுகொண்டே. "அவரேதான் போய் சொன்னாரு."

சொல்லிவிட்டுக் கையை நீட்டி அந்தத் தலையாட்டி பொம்மையை ஒரு தட்டுத் தட்டுவார். அது ஆமாம் ஆமாம் என்று ஆடும். எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள். நானும் தலையை ஆட்டுவேன்.